வேலை தந்தார்கள், நிலம் தரவில்லை

‘மறுவாழ்வு’ என்ற சொல் அரசாணைகளில் வரும்போதெல்லாம் நாம் ஒன்றைக் கேட்டாக வேண்டும்: யாருக்கு, எந்த வாழ்வு? இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து ‘தாயகம் திரும்பியோர்’ என்ற பெயரில் இங்கே கொண்டுவரப்பட்ட நம் மக்களுக்காக மத்திய அரசும் மாநில அரசும் பணம் செலவழித்திருக்கின்றன. கடன் கொடுத்தார்கள், வேலை கொடுத்தார்கள், வங்கியே தொடங்கினார்கள். இல்லையென்று சொல்லவில்லை. இத்தனைக்கும் பிறகு அந்த மக்களில் பெரும்பகுதியினர் ஏன் சொந்தக் காலில் நிற்க முடியாமல் போனது என்பதுதான் என் கேள்வி.

முதலில் வரலாறு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பஞ்சமும் பண்ணையடிமைத்தனமும் விரட்ட, கங்காணிகளின் பின்னால் கடல் கடந்தவர்களில் பெரும்பாலோர் பறையர், பள்ளர், அருந்ததியர். கண்டிச் சீமையின் காட்டை அழித்துத் தேயிலை நட்டவர்கள் இவர்கள். 1948-இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் இவர்களை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போனது. 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று முடிவாயிற்று. மீதி 1,50,000 பேரை 1974-இல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பங்காளிகள் ஆட்டு மந்தையைப் பிரிப்பதுபோல. 1964-இல் அந்த மக்களின் பிரதிநிதிகளை யாரும் கலந்து பேசவில்லை. யார்கிட்ட கேட்டு யாரை அனுப்பினார்கள்?

தலைமன்னாரிலிருந்து கப்பலில் ராமேஸ்வரம், அங்கிருந்து மண்டபம் முகாம். இந்த மண்டபம் முகாம் எது தெரியுமா? வெள்ளைக்காரன் காலத்தில் தோட்டத்துக்குப் போகும் கூலிகளை அடைத்துவைத்து, நோய் சோதித்து அனுப்பிய அதே முகாம். தாத்தா போன வழியிலேயே பேரனைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். 1984-இல் போர் காரணமாகக் கப்பல் நிற்கும்வரை 4 லட்சத்துக்கும் அதிகமானோர் இப்படி வந்து சேர்ந்தார்கள்.

வந்தவர்களுக்கு என்ன திட்டம்? ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு குடும்ப அட்டை. எந்த மாவட்டம், எந்த வகை மறுவாழ்வு என்பது அதில் இருக்கும். அதிகம் பேருக்குக் கிடைத்தது தொழில் கடன். சில ஆயிரம் ரூபாயைக் கையில் கொடுத்து, பூர்வீக ஊரில் கடை வைத்துப் பிழைத்துக்கொள் என்றார்கள். கொழுந்து பறிக்கவும் கவ்வாத்து வெட்டவும் தெரிந்தவரை ஒரே நாளில் வியாபாரியாக்கிவிடலாம் என்று எண்ணிய அதிகாரிகள் ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. பூர்வீக ஊர் என்றால் நம்ம ஆளுங்களுக்கு எது? சேரிதானே! இரட்டைக் குவளை வைத்திருந்த ஊரில் சேரிக்காரன் டீக்கடை போட்டால் ஊர்த்தெரு ஆள் வந்து குடிப்பானா? சேரிக்குள் இருப்பவர்களிடம் வாங்கக் காசு ஏது? ‘தொழில் தோல்வி’ என்று கோப்பில் எழுதுகிறவர்கள் இந்தச் சாதிக் காரணத்தை எழுதுவதில்லை. கடன் தீர்ந்தது, கடையும் போனது. தரகர்கள் பிடுங்கிக்கொண்டது தனி.

பிறகு எங்கே போவது? தெரிந்த வேலை மலையில்தான் இருக்கிறது என்று நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் நடந்தார்கள். நீலகிரியில் கிழங்குத் தோட்டங்களில் தினக்கூலிகளானார்கள். கொடைக்கானல் மலையில் வாட்டில் மரப்பட்டை உரிக்கும் கூப்புகளில் முன்பணத்துக்குக் கட்டுண்டு கொத்தடிமைகளானார்கள். 1976-இலேயே கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் போட்ட நாட்டில், அரசே வரவழைத்துக் குடியேற்றிய மக்களுக்கு இந்த நிலைமை.

இன்னொரு வகை, வேலைவாய்ப்புத் திட்டம். தமிழக அரசு 1968-இல் நீலகிரியில் தொடங்கிய தேயிலைத் திட்டம் 1976-இல் டான்டீ என்ற கழகமானது. குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர், வால்பாறை என்று விரிந்தது. கேரளத்தில் புனலூர் ரப்பர், கர்நாடகத்தில் சுள்ளியா ரப்பர், நம் கன்னியாகுமரியில் ரப்பர். எங்கே பார்த்தாலும் காடு, தோட்டம், லைன் வீடு. அந்தக் காடுகளும் ஆளில்லாத காடுகள் அல்ல. கூடலூர்ப் பக்கம் பணியரும் காட்டுநாயக்கரும் வாழ்ந்த மண் அது. ஒரு ஒடுக்கப்பட்ட மக்களின் இடத்தில் இன்னொரு ஒடுக்கப்பட்ட மக்களை இறக்கி வேலை வாங்கினார்கள்.

கூடலூர் பக்கத்து லைன் ஒன்றில் ஒரு பாட்டி என்னிடம் சொன்னார்: “அங்கயும் பெரட்டு, இங்கயும் பெரட்டு. அங்க இந்தியாக்காரின்னான், இங்க சிலோன்காரிங்கிறான். கூடை மட்டுந்தான் மாறல தம்பி.”

கிடைத்த கூலியை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்தக் கூலியில்தான் ஒரு தலைமுறை பிள்ளைகளைப் படிக்க வைத்தது. ஆனால் அந்த வீடு வேலையோடு சேர்ந்த வீடு. ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். முப்பது வருஷம் உழைத்தவர் கையில் ஒரு சென்ட் பட்டா கிடையாது. 2022-இல் டான்டீ வசமிருந்த நிலத்தில் 2,152 ஹெக்டேரை வனத்துறைக்குத் திருப்பித் தர அரசு முடிவு செய்தபோது தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தது இதனால்தான். நிலம் அரசின் ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்குப் போகிறது. அதைத் தேயிலைக் காடாக்கியவர்களுக்கு அதில் பேச இடமில்லை.

இதை ஏழை நாட்டின் இயலாமை என்று சிலர் சமாதானம் சொல்லக்கூடும். பிரிவினையில் மேற்குப் பஞ்சாபிலிருந்து வந்தவர்களுக்கு இதே இந்திய அரசு என்ன செய்தது? விட்டுவந்த நிலத்தைக் கணக்கிட்டு ஈடாக நிலம் கொடுத்தது. 1954-இல் இழப்பீட்டுக்கென்று தனிச் சட்டமே போட்டது. அங்கேயும் நிலமில்லாத தலித்துகளிடம் ஈடு கேட்க ஆவணம் இல்லை. அளவுகோல் இதுதான்: சொத்தை இழந்தவனுக்குச் சொத்து, உழைப்பை மட்டும் கொடுத்தவனுக்கு மறுபடியும் உழைப்பு. இந்த அளவுகோலை வைத்திருக்கிறவரை எத்தனை கோடி ஒதுக்கினாலும் கூலி கூலியாகத்தான் இருப்பான். நிலம் கொடுத்துக் குடியமர்த்தும் திட்டமும் காகிதத்தில் இருந்தது. அதில் இடம் பெற்றவர்கள் கொஞ்சம் பேர்தான்.

வங்கியின் கதையையும் பார்க்கலாம். பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்தவர்களின் மறுவாழ்வுக்காக 1969-இல் ரெப்கோ வங்கி தொடங்கப்பட்டது. இன்று அது எல்லாருக்கும் நகைக்கடன் கொடுக்கும் வங்கி. அதன் வீட்டுக்கடன் நிறுவனம் 2013-இல் பங்குச் சந்தைக்கே போய்விட்டது. மறுவாழ்வுக்காகத் தொடங்கிய நிறுவனம் சொந்தக் காலில் நிற்கிறது. லைனில் இருப்பவர்கள்?

இதைப் பழங்கதை என்று விட்டுவிட முடியாது. 1983-க்குப் பின் அகதிகளாக வந்து தமிழக முகாம்களில் இருப்பவர்களிலும் மலையகத் தமிழர்கள் ஏராளம். 2021-இல் மாநில அரசு முகாம்களுக்கு ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றி, 317.40 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தது. 7,469 வீடுகள், படிப்புதவி, தொழிற்பயிற்சி எல்லாம் அதில் உண்டு. வரவேற்கிறோம். ஆனால் குடியுரிமை இல்லாத இளைஞனுக்குப் பயிற்சிச் சான்றிதழ் கொடுத்தால் அவன் எந்த அரசு வேலைக்கு விண்ணப்பிப்பான்? யார் பெயரில் பட்டா வாங்குவான்? 2019-இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை இந்திய வம்சாவளியினரான இவர்களின் குடியுரிமைக் கோரிக்கையைப் பரிசீலிக்கச் சொன்னது. அதே ஆண்டின் இறுதியில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் இலங்கையிலிருந்து வந்தவர்களைச் சேர்க்கவே இல்லை.

ஆகவே நம் இயக்கங்கள் ஒதுக்கீட்டுத் தொகையைக் கேட்டுக் கைதட்டிவிட்டு வரக்கூடாது. வேலை போன மறுநாள் அந்தக் குடும்பத்தின் கையில் என்ன மிஞ்சும் என்று கேட்க வேண்டும். தோட்டத்தில் உழைத்து ஓய்வு பெற்ற ஒவ்வொரு குடும்பத்துக்கும், பெண்கள் பெயரில், வீட்டுமனைப் பட்டா. அலைக்கழிக்காமல் பிள்ளைகளுக்குச் சாதிச் சான்றிதழ். முகாமில் இருப்பவர்களுக்குக் குடியுரிமை. இந்த மூன்றும் கிடைக்காதவரை மறுவாழ்வுத் திட்டம் எதுவும் முடிந்துவிட்டதாக நாம் ஒப்புக்கொள்ளத் தேவையில்லை.