பங்சாரில் ஃபிர் வளராது

பங்சாரில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு மரம் நிற்கிறது. மூன்று மாடி உயரம். "கிறிஸ்மஸ் மரம் தம்பி, ஃபிர்னு சொல்வாங்க. எம் மக தொட்டியில வாங்கினா. கூரைய முட்டவும் மண்ணுல வச்சோம்" என்றார் அந்த வீட்டுப் பாட்டி. புயல் காற்றில் வீட்டு மேல் விழுந்துவிடுமோ என்று இப்போது வெட்டப் போகிறார்கள்.

அது ஃபிர் இல்லை. ஃபிரின் ஊசியிலைகள் கிளையில் தனித்தனியாக ஒட்டியிருக்கும். உதிர்ந்தால் வட்டத் தழும்பு மிஞ்சும். பைன் என்றால் இரண்டு, மூன்று, ஐந்து என்று கொத்தாக இருக்கும். ஃபிரின் கூம்புகள் மெழுகுவர்த்தி போலக் கிளைமேல் நிமிர்ந்து நின்று, மரத்திலேயே செதில் செதிலாக உதிரும். பாட்டி வீட்டு மரத்திலோ சின்ன இலைகள் குச்சியைக் கயிறு போல மூடியிருக்கின்றன. காய்ந்தால் குச்சியோடு விழுகின்றன. இது அரக்கேரியா. ஃபிருக்குக் குளிர்காலத் தூக்கம் வேண்டும், அது கலைந்துதான் மொட்டு விடும். இரவில்கூட 23, 24 டிகிரி இருக்கும் கோலாலம்பூரில் அதற்கு எங்கே போவது?

1774இல் ஜேம்ஸ் குக் பசிபிக் கடலில் நார்ஃபோக் தீவைக் கண்டார். நெடுநெடுவென்று நின்ற அரக்கேரியாக்கள் அவர் கண்ணுக்குக் கப்பலின் பாய்மரக் கம்பங்களாகத் தெரிந்தன. 1788இல் பிரிட்டிஷார் அங்கே குடியேறியதற்கு இதுவும் ஒரு காரணம். வெட்டிப் பார்த்தால் கட்டை கம்பத்துக்கு ஆகவில்லை. கணக்குத் தப்பிய மரம், அழகுக்காகத் தோட்டம் தோட்டமாக உலகம் சுற்றியது.

அதே பிரிட்டிஷாரின் இன்னொரு கணக்கு பலித்தது. 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். 1877இல் 22 நாற்றுகள் சிங்கப்பூர் வந்தன. அது பலித்ததால்தான் நம்மில் பலருடைய குடும்பம் இங்கே இருக்கிறது. பங்சாரே ரப்பர் தோட்டம்தான்; புங்கே, கிரிசார் என்ற இரண்டு கம்பெனிக்காரர்களின் பெயர் சேர்ந்து பங்சார் ஆனது என்பார்கள். பாட்டியும் கிள்ளான் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவர். விடியுமுன் அம்மாவோடு பால் மரம் வெட்டப் போனவர்.

1960, 70களில் பங்சார் தோட்டம் தாமான்களாக மாறியது. பால் மரங்கள் போயின. வீட்டு வாசல்களில் பூச்செடியும் அழகு மரமும் வந்தன. சோறு போட்ட மரத்தை யாரும் ஞாபகத்துக்குக்கூட வைத்துக்கொள்ளவில்லை. ஒன்றுக்கும் ஆகாதென்று கைவிட்ட மரம் வாசலில் நிற்கிறது.

"பாட்டி, ஒரு பால் மரமாச்சும் வச்சிருக்கலாமே?"

"அத யாருப்பா வீட்டு முன்னாடி வைப்பா?" சிரித்துவிட்டார். பிறகு, "இதுல ஒரு கிளைய ஒடிச்சு நட்டா வருமா?" என்று கேட்டார்.

பக்கக் கிளை வேர்விட்டாலும் நிமிராது; கடைசிவரை படுத்தபடியேதான் வளரும். நேராக வளர விதை வேண்டும், இல்லையென்றால் உச்சிக் குருத்து வேண்டும். தண்ணீர் தேங்காத மண், நல்ல வெளிச்சம், கூரையிலிருந்து நிறைய தூரம். இதையெல்லாம் சொன்னேன்.

பாட்டி அண்ணாந்து பார்த்தார். "அப்ப வெட்ட வர்ற ஆளுகிட்ட மொதல்ல உச்சிய பத்திரமா எறக்கச் சொல்லு தம்பி."