பையன் கையில் டிராக்டர் சாவி: பட்டா நிலம் வரை வரும் பொறுப்பு

பண்ணையத்துக்கு ஆள் கிடைக்காத காலம் இது. பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் பையன் டிராக்டரில் உழவு ஓட்டுவதும், காய்கறி மூட்டையை எக்ஸெல் வண்டியில் கட்டிக்கொண்டு உக்கடம் வழியாகச் சந்தைக்குப் போவதும் நம் பகுதியில் சாதாரணம். பயிற்சி முகாம்களில் இதைச் சொன்னால், "பையன் என்னை விட நல்லா ஓட்டுவானுங்க" என்பார்கள். இருக்கலாம். ஆனால் சட்டம் வயதையும் லைசென்ஸையும்தான் பார்க்கும். விபத்து நடந்தால் இழப்பீட்டுப் பொறுப்பு ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறதோ அவர் மேல் வரும். அவர் பெயரில் உள்ள நிலத்தையும் அது தொடும். எப்படி என்று பார்ப்போம்.

எந்த வயதில் எதை ஓட்டலாம்?

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 4-ஆம் பிரிவின்படி பொது இடத்தில் வண்டி ஓட்ட 18 வயது நிறைய வேண்டும். சரக்கு ஆட்டோ, டெம்போ போன்ற போக்குவரத்து வாகனங்களுக்கு 20 வயது. 16 வயதில் லைசென்ஸ் பெற்று ஓட்டலாம் என்பது 50 சிசிக்கு மிகாத இருசக்கர வண்டிக்கு மட்டும். ஊரில் பேச்சுவழக்கில் "டிவிஎஸ் 50" என்று சொன்னாலும், இன்று பலரும் வைத்திருப்பது எக்ஸெல் 100. அதன் இன்ஜின் 99.7 சிசி. அதை 16 வயதுப் பையன் ஓட்ட முடியாது.

டிராக்டருக்கு இலகுரக வாகன லைசென்ஸ் போதும். அதற்கும் 18 வயது ஆகியிருக்க வேண்டும்.

இட்டேரி பொது இடமா?

உங்கள் வேலிக்குள், வெளியாள் வராத தோட்டத்தில் ஓட்டும்போது லைசென்ஸ் விதி குறுக்கே வராது. ஆனால் பொதுமக்களுக்குப் போய்வர உரிமை உள்ள எந்த வழியும் சட்டப்படி பொது இடம். ஊராட்சிச் சாலை மட்டுமில்லை, நாலு தோட்டத்துக்காரர்களும் ஊர்க்காரர்களும் போய்வரும் இட்டேரியும் இதில் அடங்கலாம். இட்டேரி எந்தப் புல எண்ணில் இருக்கிறது, பட்டாவில் வருகிறதா, புறம்போக்கா என்பதைப் புலப்படத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். வழி உங்கள் பட்டாவில் இருந்தாலும், மற்றவர்களுக்கு நடைபாதை உரிமை இருந்தால் "என் நிலம்தானே" என்ற வாதம் எடுபடுவது கடினம்.

தண்டனை யாருக்கு?

2019-இல் சேர்த்த 199ஏ பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளர் குற்றவாளி ஆவார். மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்தாகும். உழவுப் பருவத்தில் டிராக்டர் ஒரு வருடம் நின்றால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. "எனக்குத் தெரியாமல் எடுத்துப் போனான்" என்றால், அதை நிரூபிப்பது உங்கள் வேலை. நீங்கள் சம்மதித்தே கொடுத்தீர்கள் என்றுதான் நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும்.

இன்சூரன்ஸ் இருந்தும் நிலம் ஏன் சிக்குகிறது?

பலரும் தவறாக நினைப்பது இங்கேதான். லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டியிருந்தால் பாலிசி நிபந்தனை மீறப்பட்டதாகிறது. பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு இன்சூரன்ஸ் நிறுவனம் முதலில் பணம் கொடுத்துவிட்டு, அதை உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று நீதிமன்றங்கள் பல வழக்குகளில் உத்தரவிட்டுள்ளன. உச்ச நீதிமன்றம் 2004-இல் ஸ்வரன் சிங் வழக்கில் இதற்கான நெறியை வகுத்தது.

அந்தத் தொகையை நீங்கள் கட்டாவிட்டால் 174-ஆம் பிரிவு வருகிறது. தீர்ப்பாயம் மாவட்ட ஆட்சியருக்குச் சான்று அனுப்பும். ஆட்சியர் அதை நிலவரி பாக்கியை வசூலிப்பது போலவே வசூலிப்பார். அதாவது ஜப்தி வரை போகலாம். உயிரிழப்பு வழக்குகளில் தொகை லட்சக்கணக்கில் வருவதால் ஒரு பருவ வெள்ளாமையில் கட்டி முடிக்க முடியாது.

நிலம் கூட்டுப் பட்டாவில் இருந்தால் உங்கள் பங்குக்குத்தான் பொறுப்பு. ஆனால் பாகம் பிரிக்காத நிலத்தில் எது உங்கள் பங்கு என்று காட்டுவதற்குள் அண்ணன் தம்பி, அக்கா தங்கை எல்லோரும் அலைய வேண்டிவரும்.

பழைய பெயரில் ஆர்.சி. வேண்டாம்

வண்டியை விற்றுவிட்டுப் பெயர் மாற்றாமல் விட்டால், வாங்கியவர் வீட்டுப் பையன் செய்யும் விபத்துக்கும் இழப்பீடு உங்கள் மேல் வரலாம். ஆர்.சி.யில் யார் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் கூறியுள்ளது. விற்றால் 29, 30-ஆம் படிவங்களைக் கொடுங்கள். விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். அப்பா காலமாகி வண்டி அவர் பெயரில் இருந்தால் 30 நாளுக்குள் தகவல் தந்து, மூன்று மாதத்துக்குள் 31-ஆம் படிவத்தில் விண்ணப்பியுங்கள். பட்டாவில் வாரிசு பெயர் சேர்க்கும் வேலையையும் இதோடு முடித்துவிடலாம்.

இப்போதே செய்ய வேண்டியவை

1. டிராக்டர் சாவியை வண்டியிலேயே விடாதீர்கள்.

2. பையனோ பொண்ணோ, 18 நிறைந்ததும் பழகுநர் உரிமத்துக்குப் பரிவாகன் இணையதளத்தில் விண்ணப்பியுங்கள். 30 நாள் கழித்து நிரந்தர லைசென்ஸுக்குத் தேர்வு எழுதாமல், வண்டி ஓட்டிக் காட்டினால் போதும்.

3. டிரெய்லருக்கும் பதிவும் இன்சூரன்ஸும் இருக்கிறதா என்று பாருங்கள்.

4. மட்கார்டில் ஆள் ஏற்றாதீர்கள். டிராக்டரில் ஓட்டுநருக்கு மட்டுமே இருக்கை.

5. தீர்ப்பாய நோட்டீஸ் வந்தால் ஒதுக்கி வைக்காதீர்கள். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் 15100 என்ற இலவசச் சட்ட உதவி எண்ணை அழையுங்கள்.

உக்கடம்–ஆத்துப்பாலம் மேம்பாலம் 2024 ஆகஸ்டில் திறந்தபின் பொள்ளாச்சி, பாலக்காடு சாலை வண்டிகள் நிற்காமல் வருகின்றன. கிராமத்து இட்டேரியில் பழகிய பையனுக்கு அந்த வேகம் புதிது. இரண்டு வருடம் பொறுத்தால் அவன் லைசென்ஸோடு ஓட்டுவான். அவனுக்காகச் சேர்த்த நிலமும் அவனுக்கே இருக்கும்.