சுருள்சிரைக்கு ஊசி மருத்துவம்: வரலாறும் கம்பம் பள்ளத்தாக்கும்

ஸ்கிளீரோதெரபி எனப்படும் ஊசி மருத்துவம், காலில் புடைத்துச் சுருண்ட சிறிய சிரைகளையும் தோலின் மேல் சிலந்தி வலைபோல் படரும் நுண்சிரைகளையும் மருந்து செலுத்தி மூடச்செய்யும் சிகிச்சை. மருந்து சிரையின் உட்சுவரைப் புண்ணாக்குகிறது. சுவர்கள் ஒட்டிக்கொண்டு, சில வாரங்களிலோ மாதங்களிலோ அந்தச் சிரை நாராகச் சுருங்கிவிடுகிறது. இரத்தம் பக்கத்திலுள்ள நல்ல சிரைகள் வழியே இதயத்துக்குத் திரும்புகிறது.

பேச்சுத்தமிழில் இந்நோயை 'நரம்பு சுருட்டிக்கொண்டது' என்பார்கள். உண்மையில் சுருள்வது நரம்பு அல்ல, அசுத்த இரத்தம் செல்லும் சிரை. நரம்பில் ஊசி போட்டால் கால் செயலிழந்துவிடுமோ என்ற பயம் எழ இந்தப் பெயரே போதும்.

காலின் சிரைகளில் இரத்தம் மேல்நோக்கி ஏற வேண்டும். கெண்டைக்கால் தசை அழுத்தித் தள்ளுகிறது. சிரைக்குள் இருக்கும் வால்வுகள் கீழே இறங்காமல் தடுக்கின்றன. நடக்காமல் நின்றுகொண்டே இருந்தால் தசை வேலை செய்வதில்லை. இரத்தம் தேங்கி, சிரை விரிந்து, வால்வுகள் மூடாமல் போகின்றன. பரம்பரையும் பேறுகாலமும் மற்ற காரணங்கள். சுஸ்ருத சம்ஹிதை 'சிரா கிரந்தி' என்ற சிரைக்கட்டியைச் சொல்லும்போது, வலுவில்லாதவர் மிகுந்து உழைப்பதைக் காரணமாகக் காட்டுகிறது.

1895-ல் முல்லைப் பெரியாறு அணை முடிந்தபின் கம்பம் பள்ளத்தாக்கில் இருபோக நெல் நிலைபெற்றது. நாற்று நடவும் களையெடுப்பும் பெரும்பாலும் பெண்கள் சேற்றில் மணிக்கணக்கில் குனிந்து நின்று செய்யும் வேலை. விடியுமுன் ஜீப் ஏறி வண்டன்மேடு பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகிறவர்களும் உண்டு. தேனி, ஆண்டிபட்டி பக்கத்து நூற்பாலைகளில் ஷிப்டு முழுவதும் நின்றபடிதான் வேலை. நகரத்து விளம்பரங்கள் இதை அழகுக் குறையாகக் காட்டினாலும், இங்கே இது உழைப்பவர் நோய் என்பதே பொருத்தம்.

ஊசியின் கதை வெகு தொலைவில், பிரான்சின் லியோன் நகரில் தொடங்குகிறது. 1853-ல் அங்கு சார்ல் காப்ரியேல் பிராவாஸ் என்ற மருத்துவர், உள்துளையுள்ள ஊசியும் திருகித் தள்ளும் தண்டும் கொண்ட வெள்ளிச் சிரிஞ்சைச் செய்வித்தார். இரத்தக்குழாய் வீக்கத்துக்குள் இரும்பு குளோரைடைச் செலுத்தி இரத்தத்தை உறையவைப்பது அவர் நோக்கம். விரைவிலேயே மற்றவர்கள் அதைச் சுருள்சிரைக்குப் பயன்படுத்தினர். கருவி சரி, மருந்துதான் சரியில்லை. சிரைக்கு வெளியே கசிந்தால் சதை அழுகியது, சீழ் பிடித்தது, உறைகட்டி நகர்ந்து உயிர்போன நோயாளிகளும் உண்டு. 1894-ல் அதே லியோனில் கூடிய மருத்துவர் மாநாடு இம்முறையைக் கைவிடச் சொன்னது. அக்காலத்தில் ஜெர்மனியில் டிரெண்டலென்பர்க் தொடைச்சிரையைக் கட்டும் அறுவையைப் பரப்பிவந்தார். ஊசி பின்னுக்குப் போனது.

அதை மீட்டது ஒரு தற்செயல். மேகநோய்க்குப் பாதரச மருந்தைச் சிரை வழியே ஏற்றும்போது, ஊசி போட்ட சிரையே கெட்டிப்பட்டு அடைந்துபோவதைக் கண்ட ஜெர்மானியத் தோல் மருத்துவர் பால் லின்சர், 1916-ல் அதையே சுருள்சிரைக்கு மருந்தாக்கினார். பாதரசம் நஞ்சு, ஆகவே தேடல் தொடர்ந்தது. சோடியம் சாலிசிலேட், கடும் உப்புக்கரைசல், 1930-ல் மீனெண்ணெயிலிருந்து எடுத்த சோடியம் மொருவேட், 1946-ல் சோடியம் டெட்ராடெசில் சல்பேட். பின்னிரண்டும் சோப்பு வகை. மரப்பு மருந்தாக அறிமுகமான பாலிடோகனால் 1960-களில் இவ்வரிசையில் சேர்ந்தது.

மருந்தைவிட அழுத்தமே முக்கியம் என்பதை வற்புறுத்தியவர் டப்ளின் நகரின் ஜார்ஜ் ஃபீகன். ஊசி போட்டதும் காலை இறுகக் கட்டி, நோயாளியை உடனே நடக்கவைத்தார். சிரைக்குள் இரத்தம் நிறையாமல் சுவர்கள் ஒட்டின. படுத்துக்கிடந்தால் வரும் ஆழ்சிரை உறைகட்டி அபாயமும் குறைந்தது. ஆனால் ஹாப்ஸ் 1974-ல் வெளியிட்ட ஒப்பீட்டாய்வில், தொடக்கத்தில் நன்றாகத் தெரிந்த ஊசி, 6 ஆண்டு கழித்துப் பெரிய சிரைகளில் அறுவையிடம் தோற்றது. சிறிய சிரைகளுக்கே ஊசி என்ற இன்றைய வழக்குக்கு வழிவகுத்தவற்றில் இதுவும் ஒன்று. 2000-ல் இத்தாலியின் தெஸ்ஸாரி, இரு சிரிஞ்சுகளை மூவழிக் குழாயால் இணைத்து, மருந்தையும் காற்றையும் மாற்றி மாற்றித் தள்ளி நுரையாக்கினார். நுரை இரத்தத்தை விலக்கிச் சுவரைத் தொடுவதால் குறைந்த மருந்தே போதுமானது. அல்ட்ராசவுண்டில் பார்த்தபடி ஓரளவு பெரிய சிரைகளுக்கும் செலுத்தலாம்.

தேனி தனி மாவட்டமானது 1996-ல், க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது 2004-ல். அதற்குமுன் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் மதுரைக்குத்தான் பஸ் ஏற வேண்டும். ஊசி ஒரே தடவையில் முடிவதில்லை. சில முறை வர வேண்டியிருக்கும். தோலில் பழுப்புக் கறை தங்கலாம். கசிந்தால் புண் வரலாம். கர்ப்பிணிகளுக்குப் பொதுவாகப் போடுவதில்லை. மூடிய சிரை போனாலும் வேறிடத்தில் புதிதாகப் புடைக்கலாம். அதனால் அழுத்தக் காலுறை அணியவும் நெடுநேரம் நிற்காமலிருக்கவும் சொல்வார்கள். முழங்கால் சேற்றில் நடவு செய்பவர் அந்தக் காலுறையை எப்படி அணிவது?

நிற்பதையே குறைக்கச் சட்டம் முயன்றதும் உண்டு. கேரளம் 2018-லும், தமிழ்நாடு 2021-லும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி ஊழியருக்கு இருக்கை தர வேண்டும் என்றன. கம்பம் துணிக்கடை விற்பனைப் பெண்ணுக்கு அது பொருந்தும்; ஏலத்தோட்டமும் நெல்வயலும் அச்சட்டத்தின் வரம்பில் இல்லை.