மீன் தொட்டியைக் கழுவ வேண்டாம்: ஒரு போத்தலும் ஆறடிக் குழாயும் போதும்

அழுக்கான தொட்டியில் மாதக்கணக்கில் உயிரோடிருந்த மீன்கள், தொட்டியைக் கழுவிய மூன்றாம் நாள் செத்து மிதப்பது நம் வீடுகளில் வழமையான கதை. ஞாயிற்றுக்கிழமை மீன்களைப் பேசினில் பிடித்து விடுவார்கள். சரளைக்கல்லை முற்றத்தில் கொட்டி, சவர்க்காரத்தூள் போட்டு அலசி, வெயிலில் காயவைப்பார்கள். கண்ணாடியைப் பளபளக்கத் தேய்த்து, புதுத் தண்ணீர் நிரப்பி, மீன்களைத் திரும்ப விடுவார்கள். செவ்வாய்க்கிழமை மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து மூடிக்கொண்டிருக்கும். புதன்கிழமை பிள்ளை அழும். பழி முழுவதும் மீன் விற்ற கடைக்காரரின் தலையில் விழும்.

கடைக்காரர் மீது பெரும்பாலும் தவறில்லை. மீன் தன் செவுள்கள் வழியாக அமோனியாவை வெளிவிடுகிறது. தின்னாமல் விட்ட இரையும் எச்சமும் அழுகும்போதும் அமோனியாதான் வருகிறது. இதை ஒருவகைப் பற்றீரியா நைத்திரைற்றாகவும், இன்னொரு வகை அதை நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. முதல் இரண்டும் சிறிய அளவிலேயே மீனுக்கு நஞ்சு. மூன்றாவதை மீன் ஓரளவு தாங்கும். இந்தப் பற்றீரியாக்கள் தண்ணீரில் மிதந்து திரிவது குறைவு. சரளைக்கல்லின் மேற்பரப்பிலும் வடிகட்டியின் ஸ்பொஞ்சிலும் ஒட்டியே வாழ்கின்றன. கல்லைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிக் காயவைத்தால், தொட்டியின் கழிவகற்றும் பிரிவையே ஒரேயடியாகக் கலைத்தது போலாகும். அது மறுபடி வளர்ந்து வர நான்கு முதல் ஆறு கிழமைகள் பிடிக்கலாம். மீன்கள் அதுவரை காத்திருக்காது.

யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணற்று நீரில் இது இன்னும் மோசம். அமோனியா நீரில் இரு வடிவங்களில் இருக்கிறது. அவற்றில் ஒன்றுதான் கடும் நஞ்சு. நீரின் பீ.எச். பெறுமானம் 7 இலிருந்து 8 ஆக உயரும்போது அந்த நச்சு வடிவத்தின் பங்கு ஏறத்தாழ பத்து மடங்காகிறது. வெப்பம் கூடினாலும் கூடுகிறது. சுண்ணாம்பு நிலத்து நீர் காரத்தன்மை கொண்டது, நம் தொட்டிகளுக்குச் சூடாக்கி தேவைப்படாத அளவுக்குக் காலநிலையும் வெப்பம். அதனால் மென்னீரில் மீன் தப்பிக்கொள்ளக்கூடிய அமோனியா அளவு இங்கே அதைக் கொன்றுவிடும்.

அப்படியானால் கல்லை அப்படியே விட்டுவிடலாமா? அதுவும் சரிவராது. கற்களுக்கிடையில் இறங்கும் எச்சமும் இரையும் சேறாகத் தங்கி, நைத்திரேற்றைக் கூட்டிக்கொண்டே போகும். ஆழமாகக் கல் போட்ட தொட்டிகளில் ஒட்சிசன் புகாத அடிப்பகுதி கறுத்து, கிளறினால் அழுகிய முட்டை வாடை வரும். செய்ய வேண்டியது, கல்லை வெளியே எடுக்காமல், அதற்கிடையிலுள்ள சேற்றை மட்டும் எடுப்பது. அதற்குச் செலவாகும் தண்ணீரே அந்தக் கிழமைக்கு மாற்ற வேண்டிய தண்ணீராகவும் அமைந்துவிடும். இரண்டும் ஒரே வேலைதான். இரண்டையும் தனித்தனி வேலைகளாக நினைப்பதால்தான் பலருக்கு மீன் வளர்ப்பு மூன்றாம் மாதத்திலேயே அலுத்துப்போகிறது.

போத்தல் கருவி

கடையில் விற்கும் கல் சுத்தமாக்கி, அகலமான பிளாஸ்டிக் உருளை ஒன்றில் குழாய் பொருத்திய சாதனம், அவ்வளவுதான். 500 மில்லிலீற்றர் தண்ணீர்ப் போத்தல் ஒன்றின் அடியை நேராக வெட்டுங்கள். வெட்டிய விளிம்பைச் சீமெந்துத் தரையில் உரசினால் கூர் போய்விடும். ஹாட்வெயார் கடையில் அரை அங்குல ஹோஸ் பைப் ஆறடி வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளே ஓடும் அழுக்குத் தெரியும்படி நிறமற்றதாக இருந்தால் நல்லது. போத்தல் மூடியில், சூடாக்கிய ஆணியால் துளையிட்டு, குழாயின் பருமனைவிடச் சற்றுச் சிறிதாகும் வரை பெருப்பியுங்கள். குழாய் நுனியைச் சுடுநீரில் ஒரு நிமிடம் வைத்தால் இளகும். துளைக்குள் தள்ளினால் இறுகிக்கொள்ளும். பசை தேவையில்லை. குளியலறைக்கு விற்கும் சிலிக்கன் பசைகளில் பூஞ்சணத்தைத் தடுக்கும் நஞ்சு கலந்திருப்பதுண்டு. அவற்றைத் தொட்டிப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

இந்த எளிய பொருள் வேலை செய்வதற்குக் காரணம் போத்தலின் அகலம். அதன் வாய்ப்பரப்பு, அரை அங்குலக் குழாயின் துவாரத்தைவிட 25 மடங்குக்கும் அதிகம். அதனால் குழாய்க்குள் வேகமாக ஓடும் நீர், போத்தலுக்குள் அதில் 25 இல் ஒரு பங்கு வேகத்தில்தான் மேலேறும். அந்த மெதுவான நீரோட்டத்தால் கல்லைத் தூக்க முடியாது. பாரமற்ற சேறு மட்டும் மேலே போகும். கல் உருண்டு புரண்டு மீண்டும் அடியில் விழும். கல்லுக்குப் பதில் நுண்மணல் போட்டவர்கள் போத்தலை மணலுக்குள் குத்தக்கூடாது. விரற்கடை உயரத்தில் பிடித்து, மேலே படிந்திருப்பதை மட்டும் எடுக்க வேண்டும்.

நீரை ஓட வைப்பது, மோட்டார் சைக்கிள் தாங்கியிலிருந்து பெற்றோல் இழுக்கும் அதே வித்தை. ஆனால் வாயால் இழுக்காதீர்கள். மீன் தொட்டி நீரில் வயிற்றைக் கெடுக்கும் கிருமிகள் இருக்கலாம், வாயால் இழுக்க வேண்டிய தேவையும் இல்லை. குழாயின் மறுமுனையைக் கீழே வாளிக்குள் போடுங்கள். போத்தலை, வெட்டிய வாய் மேலே பார்க்கும்படி தொட்டிக்குள் அமிழ்த்தி நிரப்பி, தொட்டி விளிம்புக்கு மேலே உயர்த்துங்கள். போத்தல் நீர் குழாய்க்குள் இறங்கும். அது தீர்ந்துபோக முன் மறுபடி நீருக்குள் அமிழ்த்தி, உள்ளேயே கவிழ்த்துக் கல்லில் குத்துங்கள். வாளி தொட்டி நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும் வரை ஓட்டம் நிற்காது; எவ்வளவு கீழே இருக்கிறதோ அவ்வளவு வேகம். போத்தலின் மூடி எப்போதும் நீருக்குள் இருக்கட்டும். அது வெளியே தெரியத் தொடங்கினால், இணைப்பிலுள்ள சிறு இடைவெளியால் காற்றுப் புகுந்து ஓட்டம் அறுந்துவிடும்.

ஒரு கையால் போத்தலைக் குத்தும்போது மறு கை குழாயில் இருக்க வேண்டும். ஓரிடத்தில் கல் புரண்டு, போத்தலுக்குள் நீர் தெளிந்ததும் குழாயை மடித்துப் பிடித்து ஓட்டத்தை நிறுத்துங்கள். கல் கீழே விழுந்துவிடும். போத்தலை அடுத்த இடத்தில் குத்தியபின் மடிப்பை விடுங்கள். இந்தப் பழக்கம் வந்துவிட்டால் ஒரு வாளி நீருக்குள் இரு மடங்கு பரப்பைச் சுத்தமாக்கலாம். நீர்த்தாவரங்களின் வேரடியைக் கிளற வேண்டாம், அங்குள்ள சேறு அவற்றுக்கு உரம்.

வாளி நிறைந்தால் நிறுத்துங்கள்

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமான தொட்டி நம்மிடம் பரவலாக உண்டு. அதன் முழுக் கொள்ளளவு ஏறத்தாழ 55 லீற்றர். கல்லும் மேலே விடும் இடைவெளியும் போக 45 லீற்றர் நீர் இருக்கும். வேறு அளவான தொட்டிக்கு நீளம், அகலம், நீரின் உயரம் மூன்றையும் சென்ரிமீற்றரில் பெருக்கி 1000 ஆல் வகுத்தால் லீற்றர் வரும். 45 லீற்றரில் பத்து லீற்றர் வாளி ஒன்று, ஐந்திலொரு பங்கைவிடச் சற்று அதிகம். கிழமைக்கு ஒருமுறை மாற்ற அது சரியான அளவு. இரண்டடி உயர வித்தியாசத்தில் ஒன்று, ஒன்றரை நிமிடத்தில் வாளி நிறைந்துவிடும். அதற்குள் தொட்டியின் அடி முழுவதையும் சுத்தமாக்க முடியாது. முடியாமல் போவதே நல்லது: இந்தக் கிழமை இடப்பாதி, அடுத்த கிழமை வலப்பாதி என்று செய்தால் கல்லிலுள்ள பற்றீரியாக்களுக்குக் குறைந்த பாதிப்புத்தான். கல்லுக்கடியில் தட்டு வைத்துக் காற்றுக் குழாயால் இயங்கும் பழைய வடிகட்டி உள்ள தொட்டிகளில் கல்லே வடிகட்டி என்பதால், இந்தப் பாதிப்பாதி முறையைக் கட்டாயம் கடைப்பிடிக்க வேண்டும்.

எடுத்த அழுக்கு நீரை உடனே ஊற்றிவிடாதீர்கள். வடிகட்டியின் ஸ்பொஞ்சை அதற்குள் அமிழ்த்தி இரண்டு மூன்று தரம் பிழியுங்கள். குழாய்த் தண்ணீரில் கழுவினால் குளோரின் பற்றீரியாவைக் கொல்லும். தொட்டி நீரில் பிழிந்தால் அழுக்கு மட்டும் போகும். தொட்டிக்குள் கைவைக்க முன் மின்சாரத்தில் இயங்கும் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். கையில் காயம் இருந்தால் உறை போடுங்கள். மீன் தொட்டி நீரில் வாழும் மைக்கோபற்றீரியம் மரினம் என்ற கிருமி காயம் வழியாகப் புகுந்து, மாதக்கணக்கில் ஆறாத கட்டிகளை உண்டாக்கக்கூடியது. வாளி, போத்தல், குழாய் மூன்றையும் வேறெதற்கும் எடுக்காமல் தொட்டிக்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். உடுப்புத் தோய்த்த வாளியில் ஒட்டியிருக்கும் சவர்க்காரம் கண்ணுக்குத் தெரியாது.

புதுத் தண்ணீர்

தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் குழாய் நீரில் குளோரின் இருக்கும். அகன்ற வாயுள்ள வாளியில் ஒரு நாள் திறந்து வைத்தால், வெயில் பட்டால் இன்னும் விரைவாக, அது பெரும்பாலும் போய்விடும். அவசரமென்றால் மீன் கடைகளில் குளோரினை நீக்கும் திரவம் விற்கிறார்கள். போத்தலில் எழுதியுள்ள அளவை மீற வேண்டாம். கிணற்று நீரென்றால் குளோரின் பயமில்லை என்று நினைப்போம். வெள்ளத்துக்குப் பின் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் கிணறுகளுக்குக் குளோரின் இடும் நாட்களை மறந்துவிடக்கூடாது. அந்த நாட்களில் தொட்டி நீரை மாற்றுவதை ஒரு கிழமை தள்ளிப்போடுங்கள், இரையையும் குறையுங்கள். மற்ற நாட்களிலும் கிணற்று நீரை இரவு முழுக்க வாளியில் வைத்தோ, கோப்பையால் பலமுறை அள்ளி ஊற்றியோ பயன்படுத்துவது நல்லது. நிலத்தடி நீரில் ஒட்சிசன் குறைவாக இருக்கலாம்.

வடக்குக் கிணறுகளுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. யாழ்ப்பாணக் குடாநாட்டின் விவசாயப் பகுதிக் கிணறுகள் பலவற்றில், உரத்தாலும் மலக்குழிக் கசிவாலும், குடிநீருக்கான எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமைவிட அதிகமாக நைத்திரேற்று இருப்பது ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் தெரியவந்திருக்கிறது. (மீனைவிடக் கைக்குழந்தைக்கே அது பெரிய கவலை.) புதிதாக ஊற்றும் நீரிலேயே அது இருந்தால், எத்தனை வாளி மாற்றினாலும் தொட்டி நீரில் அந்த அளவுக்குக் கீழே குறையாது. அப்படியான வீடுகளில் தாவரம்தான் வழி. மணி பிளான்ட் கொடியொன்றை, இலை வெளியே, வேர் தொட்டி நீருக்குள் இருக்கும்படி விளிம்பில் தொங்கவிடுங்கள். வேர் நைத்திரேற்றை உறிஞ்சி வளரும். மழைநீர் சேமிப்பவர்கள், முதல் மழையைக் கழித்துவிட்டு, கிணற்று நீருடன் பாதிக்குப் பாதி கலக்கலாம். தொட்டியில் ஆவியாகிக் குறையும் நீருக்கு ஈடாக மழைநீரை மட்டும் ஊற்றுவது இன்னும் நல்லது. ஆவியாவது தண்ணீர் மட்டும். சுண்ணாம்பு உள்ளேயே தங்கும். வற்ற வற்றக் கிணற்று நீரை மேலே ஊற்றிக்கொண்டு, பழைய நீரை ஒருபோதும் எடுக்காதவர்களின் தொட்டிக் கண்ணாடியில் வெள்ளைக் கோடு விழுவது இதனால்தான். கப்பிக்கும் மொலிக்கும் வன்னீர் பிடிக்கும் என்றாலும், எல்லாவற்றுக்கும் ஓர் அளவு உண்டு.

நீரை ஊற்றும்போது கல் கிளம்பாமலிருக்க அடியில் ஒரு சாசரை வைத்து அதன்மேல் ஊற்றுங்கள். வாளி தூக்க முடியாதவர்கள், தொட்டியின் நீருள் பம்பியைக் கழற்றிப் புதுநீர் வாளிக்குள் வைத்து, குழாயை அதில் பொருத்தி, மறுமுனையைத் தொட்டிக்குள் விடலாம். தண்ணீர் தானாக மேலேறும். முதுகுவலிக்காரர்களுக்கு இதைவிட வசதி இல்லை. தண்ணீர்க் குழாயின் வேகத்தில் தொட்டி நீரை உறிஞ்சும் கருவிகளும் சந்தையில் உண்டு. அவை இயங்குவதற்கே பெருமளவு நல்ல நீர் வடிகாலில் போகிறது. நீர்த் தட்டுப்பாடுள்ள ஊர்களுக்கு அது பொருந்தாது.

ஆவணி, புரட்டாதியில் கிணறு வற்றும் வீடுகளுக்கு வேறொரு வழி இருக்கிறது. முக்கால் அங்குலப் பீ.வீ.சீ. குழாய்த் துண்டொன்றின் கீழ்முனைக்கு அருகில் துளையிட்டு, காற்றுப் பம்பியின் மெல்லிய குழாயைச் செருகுங்கள். மேல்முனையில் வளைவொன்றைப் பொருத்தி, பழைய நைலோன் காலுறையைக் கட்டுங்கள். காற்றுக் குமிழிகள் மேலேறும்போது நீரையும் சேற்றையும் இழுத்துக்கொண்டு போகும். சேறு காலுறையில் தங்கும், நீர் தொட்டிக்கே திரும்பும். ஒரு துளி நீரும் வெளியேறாது. கரைந்திருக்கும் நைத்திரேற்றை இது எடுக்காது என்பதால், வறட்சி முடியும் வரைக்கான சமாளிப்பு மட்டுமே. சிறு கண்ணாடிக் கிண்ணங்களுக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் 50 மில்லிலீற்றர் சிரிஞ்சியும் ஒரு முழம் மெல்லிய குழாயும் போதும்.

கல்லைச் சுத்தமாக்கவென்று ‘டாங்க் கிளீனர்’ மீனை வாங்குகிறவர்களும் உண்டு. அது பாசியைச் சுரண்டும்; எச்சத்தைத் தின்னாது, தானே நிறைய எச்சம் போடும். ஓரடிக்கு மேல் வளர்ந்து இரண்டடித் தொட்டிக்குள் திரும்ப முடியாமல் போனதும், பலர் அதைக் குளத்தில் கொண்டுபோய் விடுகிறார்கள். இலங்கையின் நன்னீர் நிலைகளில் அது இப்போது ஓர் ஆக்கிரமிப்பு இனம்.

பல மாதங்களாக நீரே மாற்றாத தொட்டி இருந்தால், இதை வாசித்த வேகத்தில் ஒரேயடியாக ஒரு வாளி எடுத்துவிடாதீர்கள். மீன்கள் அந்தப் பழைய நீருக்குப் பழகியிருக்கும். முதல் கிழமை ஒன்றுவிட்டு ஒரு நாள் அரை வாளி மட்டும் மாற்றுங்கள், கல்லின் ஒரு மூலையை மட்டும் தொடுங்கள். கறுத்த இடங்களைக் கடைசியாக, சிறிது சிறிதாக எடுங்கள்.

வாளியில் சேர்ந்த மண்ணிற நீர் கறிவேப்பிலைக்கும் வாழைக்கும் நல்ல உரம். மீனுக்கு உப்போ மருந்தோ போட்ட கிழமையில் மட்டும் அதைச் செடிக்கு விட வேண்டாம். ஊற்ற முன் வாளியை வெளிச்சத்தில் வைத்து ஒருமுறை பாருங்கள், கப்பிக் குஞ்சுகள் சேற்றோடு சேர்ந்து வந்திருக்கக்கூடும். வெள்ளை வாளி என்றால் தேடுவது சுலபம்.