கென்டக்கி, வர்ஜீனியா தீர்மானங்கள்

மத்திய அரசு அரசியலமைப்பு வகுத்த எல்லையைத் தாண்டினால் மாநிலங்கள் அதைத் தட்டிக்கேட்கலாம் என்று கூறி, அமெரிக்காவின் கென்டக்கி, வர்ஜீனியா சட்டமன்றங்கள் 1798-ல் நிறைவேற்றிய தீர்மானங்கள். கென்டக்கி 1799-லும் ஒன்றை நிறைவேற்றியது. மத்திய அரசிடம் ஒப்படைக்கப்படாத, மாநிலங்களுக்கு மறுக்கப்படாத அதிகாரங்கள் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியவை என்ற பத்தாவது திருத்தம் (1791) இவற்றின் அடிப்படை.

பிரான்சுடன் போர் மூளலாம் என்ற அச்சம் நிலவிய 1798-ல், குடியரசுத் தலைவர் ஜான் ஆடம்ஸின் ஆட்சி அந்நியர் சட்டங்களையும் ராஜதுரோகச் சட்டத்தையும் கொண்டுவந்தது. அரசையோ குடியரசுத் தலைவரையோ பொய்யாக, கெடுநோக்குடன் தூற்றி எழுதினால் 2,000 டாலர் வரை அபராதம், இரண்டாண்டு வரை சிறை. வெர்மான்ட் காங்கிரஸ் உறுப்பினர் மாத்யூ லையனுக்கு நான்கு மாதச் சிறையும் 1,000 டாலர் அபராதமும் கிடைத்தன. சிறையில் இருந்தபடியே அவர் மீண்டும் தேர்தலில் வென்றார். அபராதத் தொகை 1840-ல் வட்டியுடன் அவர் வாரிசுகளுக்குத் திருப்பித் தரப்பட்டது. நியூஜெர்சியின் நெவார்க்கில் ஆடம்ஸுக்குப் பீரங்கி மரியாதை செய்தபோது, குண்டு அவர் பின்புறத்தில் பாய்ந்தாலும் கவலையில்லை என்ற பொருளில் போதையில் உளறிய லூதர் பால்ட்வினும் தப்பவில்லை.

இச்சட்டங்களை எதிர்த்தே தீர்மானங்கள் எழுந்தன. கென்டக்கித் தீர்மானத்தை எழுதியவர் அப்போது துணைத் தலைவராக இருந்த தாமஸ் ஜெஃபர்சன். அது வெளியே தெரியாதபடி, வில்சன் கேரி நிக்கோலஸ் வழியாக ஜான் பிரெக்கின்ரிட்ஜின் கைக்குப் போய், அவர் பெயரில் சட்டமன்றத்துக்கு வந்தது. மத்தியச் சட்டத்தைச் செல்லாததாக்குவதே மாநிலத்துக்குரிய தீர்வு என்ற பகுதியைப் பிரெக்கின்ரிட்ஜ் நீக்கிவிட்டார். ஆனால் 'செல்லாததாக்கல்' என்ற அச்சொல் 1799 தீர்மானத்தில் இடம்பெற்றது. வர்ஜீனியாத் தீர்மானத்தை ஜேம்ஸ் மாடிசன் எழுத, கரோலைன் மாவட்டத்து ஜான் டெய்லர் முன்மொழிந்தார். அதில் இருந்தது 'குறுக்கிடல்' என்ற மென்மையான சொல். அதன் பொருளை மாடிசன் 1800 அறிக்கையில் விளக்க வேண்டியதாயிற்று. தன் பங்கை ஜெஃபர்சன் 1821-ல்தான் எழுத்தில் ஒப்புக்கொண்டார்.

தீர்மானங்களை மறுத்த மாநிலங்கள் ஏழு என்பர். பத்து என எண்ணுவோரும் உண்டு. சட்டம் செல்லுமா என்று தீர்ப்பது நீதிமன்றத்தின் வேலை என்றன அவற்றுள் சில. தென் மாநிலங்கள் சிலவற்றின் மௌனத்தைச் சம்மதமாகக் கொள்வதா என்பதில் ஆய்வாளரிடையே ஒத்த கருத்தில்லை. ராஜதுரோகச் சட்டம் 1801 மார்ச்சில் காலாவதியானது.

இத்தீர்மானங்களின் வாதத்தைப் பின்பற்றி, மத்தியச் சுங்கவரிச் சட்டங்கள் செல்லாதவை என்று 1832-ல் தென் கரோலினா அறிவித்தது. அதற்கு வாதம் வகுத்த ஜான் கால்ஹவுனும் 1828-ல் துணைத் தலைவர் பதவியில் இருந்துகொண்டே பெயர் போடாமல் எழுதியவர். 1798 தீர்மானத்துக்கு அப்படிப் பொருளில்லை என்று முதுமையில் மாடிசன் மறுத்தார். அவர் நிலை மாறியதா என்பது இன்றும் விவாதத்தில் உள்ளது. 1833-ல் வரிகள் படிப்படியாகக் குறைக்கப்பட்டு நெருக்கடி தணிந்தது.

பள்ளிகளில் நிறப்பாகுபாட்டைக் காக்க 1956-ல் வர்ஜீனியா 'குறுக்கிடல்' வாதத்தை மீண்டும் எடுத்தது. மாநிலங்கள் தன் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவை என்று உச்ச நீதிமன்றம் 1958-ல், ஆர்கன்சா வழக்கில் கூறியது. மத்தியத் துப்பாக்கிச் சட்டங்களுக்கு எதிராக மிசூரி 2021-ல் இயற்றிய சட்டத்தையும் மத்திய நீதிமன்றங்கள் ஏற்கவில்லை.