தமிழர் இலையில் இனிப்பின் இடம்

அறுசுவைகளை எண்ணத் தொடங்கும் தமிழர் இனிப்பையே முதற்கண் எண்ணுவர். நற்செய்தி கொணர்ந்தவர் வாயில் சர்க்கரை இடுவதும், பொங்கலன்று புதுப்பானையில் வெல்லம் சேர்ப்பதும், மணவிருந்தில் பாயசம் படைப்பதும் நம்மவரிடையே தொன்றுதொட்டு நிலவிவரும் வழக்கங்கள். அத்தகைய இனிப்பு இன்று நம் குடியிருப்புகளில் அச்சத்துக்குரிய பொருளாகிவிட்டது. ஆண்டாப் ஹில்லில் மாலை வேளையில் நம்மவர் நால்வர் கூடினால், முன்னெல்லாம் ஊரில் மழை உண்டா என்று கேட்பர். இந்நாளிலோ, "வெறும் வயிற்றில் எவ்வளவு? சாப்பாட்டுக்குப் பின் எவ்வளவு?" என்று இரத்தச் சர்க்கரையின் கணக்கை உசாவுகின்றனர்.

இது வீண் அச்சமன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையுடன் நாடு முழுவதும் நடத்தப்பெற்று 2023ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு, இந்தியாவில் நீரிழிவு உடையார் ஏறத்தாழ 10 கோடியே 10 லட்சம் பேர் என்றும், அந்நோயின் வாயிலில் நிற்போர் மேலும் 13 கோடியே 60 லட்சம் பேர் என்றும் மதிப்பிட்டது. பிழைப்பு நாடி இம்மாநகர் வந்த ஒருவர், நாற்பது வயதில் கண் மங்கியோ காற்புண் ஆறாமலோ வீட்டில் அமர்ந்துவிடின், இங்கே ஓர் அடுப்பும் ஊரிலே மற்றோர் அடுப்பும் ஒருங்கே அணையும்.

"இனிப்பை அடியோடு விடுக" என்று கூறுதல் எளிது. ஆனால், இனிப்பில் நாட்டமுடையார் அவ்வறிவுரையைப் பத்து நாள் காப்பர். பதினோராம் நாள் ஒளித்து உண்பர். மனைவியார் டப்பாவை மறைத்து வைப்பதும், கணவர் அதனைத் தேடிக் காண்பதும், பிள்ளைகள் இருவரையும் கண்டு நகைப்பதும் நம் இல்லங்கள் பலவற்றில் நாள்தோறும் நிகழ்வன. இதற்கு வேறு வழி இல்லையா?

யாம் மருத்துவ நூல் கற்றோம் அல்லோம். இருப்புப்பாதை அலுவலகத்தில் கணக்கு ஏடுகளோடு காலம் கழிப்போர். ஆயினும், ஒரு சரக்கு எங்கே ஏற்றப்பட்டது, எவ்வழியே வந்தது, எங்கே இறக்கப்பட்டது என்று பார்ப்பது எமது தொழில். அம்முறையில் தமிழர் உணவில் இனிப்பு வந்த வழியை நோக்கினால், பகலிலும் இரவிலும் நாம் என்ன உண்ணலாம் என்பதற்கும் விடை கிடைக்கும் எனக் கருதுகிறோம்.

கரும்பும் பனையும்

கரும்பு நமக்குப் புதிதன்று. அதியமானின் முன்னோர் அதனை இந்நாட்டுக்குக் கொணர்ந்தனர் என்னும் செய்தியை ஔவையார் புறநானூற்றில் குறித்துள்ளார். கரும்பின் சாற்றைக் காய்ச்சும் ஆலைகளையும், அவற்றைச் சூழ்ந்த புகையையும் பெரும்பாணாற்றுப்படை பேசுகிறது. அப்பம் சுடும் கூவியர் அந்நூலிலும் மதுரைக்காஞ்சியிலும் வருகின்றனர். தென்பாண்டி நாட்டிலோ பனையே மக்களுக்கு இனிப்பளித்தது. பதநீரைக் காய்ச்சி எடுத்த கருப்பட்டி, திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்குக் குடிவந்த குடும்பங்களுக்கு இன்றும் ஊரின் மணத்தைத் தருகிறது.

இனிப்பு இவ்வளவு தொன்மையானதாயினும், அதற்கு நம் முன்னோர் மூன்று கட்டுகள் இட்டிருந்தனர். முதலாவது நாள். கார்த்திகைக்குப் பொரியுருண்டை, பிள்ளையார் சதுர்த்திக்குக் கொழுக்கட்டை, தைப்பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கல் என இனிப்புக்கு உரிய நாள் இருந்தது. பெரும்பாலான குடும்பங்களில் ஏனைய நாட்களின் உணவு கூழும் சோறும் குழம்புமே. இரண்டாவது அளவு. சோழர் காலக் கல்வெட்டுகள், கோயில் அமுதுபடிக்கு வேண்டிய அரிசி, பருப்பு, நெய், தயிர், சர்க்கரை முதலியவற்றை அளவு குறித்தே கூறுகின்றன. தெய்வத்துக்கும் அளந்தே படைத்தனர்.

மூன்றாவது துணை. இனிப்புத் தனித்து வருவது அரிது. கொழுக்கட்டையில் தேங்காயும் எள்ளும், பாயசத்தில் பாசிப்பருப்பும், பூப்பெய்திய பெண்ணுக்குக் கொடுக்கும் உளுந்தங்களியில் உளுந்தும் நல்லெண்ணெயும் உடன் நின்றன. விருந்திலும், காய்களும் பருப்பும் நெய்யும் குழம்பும் வயிற்றில் இறங்கிய பின்னரே ஒரு கரண்டிப் பாயசம் வரும். முறை வட்டாரந்தோறும் சிறிது வேறுபடினும், வெறும் வயிற்றில் இனிப்பை மட்டும் நிரப்பும் வழக்கம் எங்கும் இல்லை.

இக்கட்டுகளுக்குக் காரணமும் இருந்தது. நோயாளியின் சிறுநீர் தேன்போல் இனிப்பதைச் சரகர், சுசுருதர் பெயரால் வழங்கும் பழைய மருத்துவ நூல்கள் கண்டறிந்து, அதற்கு மதுமேகம் எனப் பெயரிட்டன. பெருந்தீனியும் உடலுழைப்பின்மையும் அதற்கு ஏதுக்கள் என்றும் கூறின. ஐரோப்பாவில் மாத்யூ டாப்சன் என்னும் மருத்துவர், அவ்வினிப்பு சர்க்கரையே என்று நிறுவியது 1776ஆம் ஆண்டில்தான்.

கட்டுகள் அவிழ்ந்த வரலாறு

வெள்ளைச் சர்க்கரை ஆலைவழி வந்தது. தென்னார்க்காட்டு நெல்லிக்குப்பத்தில் 1840களிலேயே சர்க்கரை ஆலை தோன்றியது. அக்காலத்தில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த கஞ்சம் மாவட்டத்தின் அஸ்கா என்னும் ஊரிலும் ஆலை எழுந்தது. அவ்வூர்ப் பெயரே சென்னை வட்டாரத்தில் வெள்ளைச் சர்க்கரைக்கு 'அஸ்கா' என்று நிலைத்துவிட்டது. தெற்கே அதனைச் 'சீனி' என்றனர். அது சீன நாட்டின் பெயரால் வந்த சொல் என்பர்.

ஆயினும், அது ஏழையின் வீட்டை எட்ட மேலும் பல ஆண்டுகள் சென்றன. 1912ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் நிறுவப்பட்டது. அங்கே பார்பர், தி. சா. வெங்கட்ராமன் ஆகிய அறிஞர்கள் நாட்டுக் காட்டுக்கரும்போடு பயிர்க்கரும்பைக் கலந்து புதிய இனங்களை உருவாக்கினர். அவ்வழியில் பிறந்த 'கோ 205' என்னும் கரும்பு 1918ஆம் ஆண்டில் உழவர்க்குக் கொடுக்கப்பட்டது. பின்னர் 1932ஆம் ஆண்டின் பாதுகாப்புச் சட்டத்தால் நாடெங்கும் ஆலைகள் பெருகின. தமிழ் மண்ணில் விளைந்த அறிவால் இந்தியா முழுவதும் சர்க்கரை மலிந்தது என்பது நாம் பெருமை கொள்ளத்தக்க செய்தியே. ஆனால், மலிந்த பொருளுக்கு நாளும் அளவும் தேவைப்படவில்லை.

துணையையும் போக்கியது காப்பியும் தேநீரும். 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்னும் தலைப்பில் ஆ. இரா. வேங்கடாசலபதி அவர்கள் ஒரு நூலே எழுதியுள்ளார். காலையில் நீராகாரம் பருகிய தமிழர், கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் காப்பிக்கு மாறிய வரலாற்றை அதில் காணலாம். தேயிலைக்கோ, 1903ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றி வரி திரட்டி, அப்பணத்தை விளம்பரத்தில் இறைத்தனர். முதல் உலகப் போர்க் காலத்தில் ஆலைகளிலும் சுரங்கங்களிலும் இருப்புப்பாதை நிலையங்களிலும் தேநீர் விற்க ஊக்கமளித்தனர்.

பம்பாய் அக்காலத்தே ஆலைகளின் நகரம். மாதுங்காவில் இருப்புப்பாதைப் பணிமனை 1915ஆம் ஆண்டில் அமைந்தது. தாராவியில் தோல் பதனிடும் தொழில் நம்மவரை ஈர்த்தது. குடும்பத்தை ஊரில் விட்டு வந்தவர்க்கு நேரத்துக்குச் சோறு ஏது? பசியைத் தள்ளிப்போடவும் உறக்கத்தை விரட்டவும் ஒரு கோப்பைத் தேநீர் போதுமானதாயிற்று. இவ்வாறு, இலையின் ஓரத்தில் விழாநாளன்று இடம்பெற்ற இனிப்பு, கோப்பையில் ஏறி நாள்தோறும் பலமுறை நம் வாயிற்படியில் வந்து நிற்கலாயிற்று.

கணக்குப் பார்ப்போம். ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை ஏறத்தாழ 4 கிராம். கோப்பைக்கு 2 கரண்டி, நாளைக்கு 4 கோப்பை எனின் 32 கிராம். 30 நாளில் 960 கிராம். ஓர் ஆள் மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு கிலோ சர்க்கரையை, இனிப்புப் பண்டம் ஒன்றையும் தொடாமலே உட்கொள்கிறார்! உலகச் சுகாதார நிறுவனம் 2015ஆம் ஆண்டில் வகுத்த வரம்பின்படி, 2000 கலோரி உண்பவர்க்குச் சேர்க்கும் சர்க்கரை நாளைக்கு 50 கிராமுக்குள் இருத்தல் வேண்டும். 25 கிராமுக்குள் இருப்பின் இன்னும் நலம். 'கட்டிங் சாய்' அரைக் கோப்பைதானே என்பாரும் எத்தனை முறை அதனை அருந்தினோம் என்று எண்ணிப் பார்ப்பாராக.

பகலுணவு

ஆகவே, செய்யவேண்டுவது இனிப்பைத் துரத்துவதன்று. கோப்பையிலிருந்து இறக்கி, அதன் பழைய இடமாகிய இலைக்கு மீட்பதாகும்.

முதற்கண் காய்களின் இயல்பான இனிப்பை நாவுக்குப் பழக்குதல் வேண்டும். பரங்கிக்காய்க் கூட்டு, தேங்காய் சிறிது தூவிய பீட்ரூட் பொரியல், காரட்டும் ஊறவைத்த பாசிப்பருப்பும் கலந்த கோசுமல்லி ஆகியவை சர்க்கரை சேராமலே இனிப்பன. தட்டில் பாதியைக் காய்க்கும் கீரைக்கும் விடுக; கால் பங்கு பருப்பு, சுண்டல், முட்டை, மீன் இவற்றுள் ஒன்று; எஞ்சிய கால் பங்கே சோறு. புலால் உண்பார்க்கு அயிலை மீன் குழம்பு மிகவும் ஏற்றது.

உண்ணும் வரிசையும் கருதத்தக்கது. நியூயார்க் நகரின் வைல் கார்னெல் மருத்துவக் கல்லூரியினர் 2015ஆம் ஆண்டில், நீரிழிவுடைய 11 பேரைக் கொண்டு ஒரு சிறு சோதனை நிகழ்த்தினர். காயும் புரதமும் முன்னரும் மாவுணவு பின்னரும் உண்டபோது, இரத்தச் சர்க்கரை குறைவாகவே ஏறியது. காய்களும் பருப்பும் முன்னே, பாயசம் பின்னே என்ற நம் பந்தி முறைக்கும் இதற்கும் உள்ள ஒற்றுமை நோக்கத்தக்கது. எனவே, டப்பாவைத் திறந்ததும் முதலில் பொரியலை உண்க; பிறகு சோற்றைத் தொடுக.

வாரத்தில் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமைப் பகலுணவின் முடிவில், பாசிப்பருப்பு மிகுத்து வெல்லம் குறைத்த பாயசம் கால் கிண்ணம் உண்ணலாம். ஏனைய நாட்களில் ஒரு கொய்யாத் துண்டோ, பாதி ஆரஞ்சோ போதும். பழத்தைச் சாறாக்காது கடித்தே உண்க.

இரவுணவு

இரவில் சோற்றுக்கு மாற்று இம்மண்ணிலேயே உண்டு. மராட்டிய உழைப்பாளர் உண்ணும் பாக்ரி, ஜ்வாரி என்னும் நம் சோளத்தாலும் பாஜ்ரி என்னும் நம் கம்பாலும் ஆவது. நாச்ணி என்பது நம் கேழ்வரகே. ஊரில் நாம் மறந்துவரும் தானியங்களை அண்டை வீட்டார் நமக்கு நினைவூட்டுகின்றனர். கேழ்வரகை அரைத்துக் கூழாகக் குடித்தால் சர்க்கரை விரைவில் ஏறும். முருங்கைக்கீரை சேர்த்து அடையாகத் தட்டினால் நலம். சோளரொட்டியோடு கத்தரிக்காய்க் கொத்சும், பருப்படையோடு புதினாத் துவையலும் இரவுக்கு உகந்தவை.

இனிப்பு நாட்டம் மிகுந்த இரவில், சோற்றையும் ரொட்டியையும் நீக்கி, அவற்றுக்குப் பதிலாக அவித்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு ஒன்றைச் சுண்டலோடு உண்ணலாம். சோற்றின்மேல் கூடுதலாக உண்பது மாற்றாகாது. உணவுக்குப் பின் குடியிருப்பைச் சுற்றிக் கால்மணி நேரம் நடப்பது, ஏறிய சர்க்கரையை இறக்கத் துணைபுரியும்.

ஓர் எச்சரிக்கையும் கூறுதல் கடன். கருப்பட்டியும் வெல்லமும் தேனும் தீங்கற்றவை என்று எண்ணி அளவின்றி உண்போர் பலர். மணம் வேறாயினும், உடலுக்குள் சென்றபின் அவையும் சர்க்கரையே. மேலும், மாத்திரையோ இன்சுலினோ கொள்வோர் சோற்றைத் திடீரெனக் குறைத்தால் இரத்தச் சர்க்கரை மிகத் தாழ்ந்துபோகலாம். அன்னார் மருத்துவரைக் கேட்டே உணவை மாற்றுதல் வேண்டும். 1948ஆம் ஆண்டில் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் மருத்துவர் மு. விஸ்வநாதன் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவு தொடங்கிய நாள் முதல், நம் நாட்டில் இத்துறை பெரிதும் வளர்ந்துள்ளது. அவ்வுதவியைக் காலத்தே நாடுதல் அறிவுடைமை.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

நம் சங்க விழாக்களில் காலை முதல் மாலை வரை சர்க்கரை கலந்த தேநீர் வழங்குகிறோம். இனி, கேட்பார்க்கு மட்டும் சர்க்கரையைத் தனியே வைப்போமாக. பந்தியில் கீரையையும் சுண்டலையும் முதலில் பரிமாறுவோமாக. பாயசத்தைச் சிறு கரண்டியால் எல்லார் இலையிலும் ஒரே அளவாய் இடுவோமாக. அவ்வாறு செய்யின், நோயுற்ற முதியவர் தம் மருத்துவர் இசைந்த அளவினை ஒளியாது, நாணாது, பேரப்பிள்ளைகளின் அருகமர்ந்து சுவைக்கலாம்.

இனிப்பு நம் பண்பாட்டின் ஒரு கூறு. அதற்கு நாளும் அளவும் துணையும் வகுத்ததும் அப்பண்பாடே. இரண்டையும் ஒருங்கே நம் மக்களுக்குக் கொடுத்துச் செல்வோமாக!

வாழ்க தமிழ்! வளர்க சங்கம்!