வில்லைச் சேவகர் வீட்டு உப்பு

கடலை பிடுங்கி முடிச்சாச்சு. கொஞ்சம் ஓய்வு கிடைச்சதால நம்ம வீட்டுக் கதை ஒண்ணு எழுதுறேன்.

போன மாசம் பழைய ஓட்டு வீட்டைப் பிரிச்சப்ப பரண்ல ஒரு தகரப் பெட்டி. உள்ளே களிம்பேறின பித்தளை வில்லை. புளி போட்டுத் தேய்ச்சதும் உப்பு இலாகான்னு இங்கிலீஷ் எழுத்து தெரிஞ்சுது. எங்க பூட்டனோடது. வேதாரண்யத்துக்குப் பக்கத்துல அகஸ்தியம்பள்ளியில அவர் உப்புச் சேவகர். அதுக்கு மேல வீட்டுல யாரும் பேச மாட்டாங்க. 'வெள்ளைக்காரனுக்கு உப்பு காத்தவன் மகன்'னு எங்க அய்யாவை ஊர்ல கேலி பண்ணுவாங்களாம்.

அன்னவாசல்காரர் கடலோரம் ஏன் போனார்? அன்னைக்கு நம்ம ஊர் தொண்டைமான் சமஸ்தானம். கடற்கரையே கிடையாது. உவர் மண்ணைக் கரைச்சுக் காய்ச்சித்தான் உப்பு எடுத்தாங்க. பூட்டனோட அப்பாவுக்கும் அதான் தொழில். உப்பு வரி வாங்குற வெள்ளைக்கார அரசுக்கு இது இடைஞ்சல். சமஸ்தானத்துல மண் உப்பு காய்ச்சுறதை நிறுத்த வச்சு, ஈடா வருஷம் 38,000 ரூபாய் கொடுத்துச்சு. பணம் தர்பாருக்குப் போச்சு. உப்புக் காய்ச்சினவர் மகன், உப்பைக் காக்கிற வேலைக்குப் போனார்.

மிச்சத்தைக் கேக்க ஒரே ஆள்தான் இருக்காங்க. அய்யாவோட தங்கச்சி, கீரனூர் அப்பத்தா. அகஸ்தியம்பள்ளியில பிறந்தவங்க, வயசு 100 தாண்டிருச்சு. வில்லையைக் கையில கொடுத்ததும் பேச ஆரம்பிச்சாங்க.

கோடையில அந்தச் சதுப்புல உப்பு தானாப் பூக்கும். ஊர்ச்சனம் அள்ளிடாம அதை மண்ணோட மிதிச்சு அழிக்கிறதும் சேவகர் வேலை. "எங்கப்பாரு கால்ல உப்புப் புண்ணு ஆறவே ஆறாது அப்பு. ஆனா வீட்டுக்கு ஒரு கல்லு உப்பு கொண்டாற மாட்டாரு. ஆத்தா காசு கொடுத்துக் கடையிலதான் வாங்கும்." அப்ப மணங்குக்கு, அதாவது சுமார் 37 கிலோவுக்கு, வரி மட்டும் ஒண்ணே கால் ரூபாய்.

1930 ஏப்ரல் 13-ல ராஜாஜி திருச்சியில இருந்து தொண்டர்களோட நடந்து, 28-ம் தேதி வேதாரண்யம் சேர்ந்தார். 30-ம் தேதி அகஸ்தியம்பள்ளியில உப்பு அள்ளினாங்க. ஊரே அவங்க பக்கம். சவரத் தொழிலாளி வைரப்பன், தான் மழிக்கிற ஆள் போலீஸ்னு தெரிஞ்சதும் பாதியிலேயே கத்தியை வச்சிட்டார்னு இன்னைக்கும் அங்கே பெருமையாச் சொல்றாங்க.

அந்தப் பெருமைக்கு எதிர்ப்பக்கம் இருந்தது எங்க குடும்பம். அப்பத்தாவுக்கு அப்ப ஆறு வயசு. தெருப் பிள்ளைங்க விளையாடச் சேர்க்கலை. வண்ணார் துணி எடுக்கலை. ஒரு மீன்காரம்மா மட்டும் விடியுமுன்ன கொல்லைப்பக்கம் வந்து கூடையில நாலு மீன் வச்சிட்டுப் போகுமாம்.

எனக்குத் தெரிய வேண்டியதைக் கேட்டேன்: "பூட்டன் யாரையாச்சும் அடிச்சாரா அப்பத்தா?"

ரொம்ப நேரம் வில்லையையே பார்த்தாங்க. "தடியோட போனாரு. ராத்திரி சோறு திங்கல. அதுக்கு மேல எனக்குத் தெரியாது."

வேலையை அவர் விடலை. நாலு பிள்ளைங்க. 1947-ல உப்பு வரியே போச்சு. அதுக்கு முன்னாலேயே அவர் ஊருக்கு வந்துட்டார்.

போன வாரம் மூணு பஸ் மாறி அகஸ்தியம்பள்ளி போனேன். சத்தியாகிரக நினைவுத் தூண் இருக்கு, உப்பளமும் இருக்கு. சேவகருங்க குடியிருந்த இடத்தைக் காட்ட ஆள் இல்லை. பாத்தியில வேலை செஞ்ச ஒரு அண்ணன்கிட்ட விஷயத்தைச் சொன்னேன். நம்மளைத் திட்டுவாரோன்னு உள்ளுக்குள்ள ஒரு பயம். அவர் சிரிச்சுட்டு, ஒரு பையில ரெண்டு கை உப்பு அள்ளிப் போட்டுக் கொடுத்தார்.

அப்பத்தா ஒரு கல்லை எடுத்து நாக்குல வச்சுப் பார்த்தாங்க. "காசு கொடுத்தியா?"ன்னாங்க. இல்லைன்னேன். மிச்சத்தை முந்தானையில முடிஞ்சுக்கிட்டாங்க.

பூட்டன் நல்லவரா கெட்டவரான்னு தீர்ப்புச் சொல்ல நான் யாரு? ஆனா இனிமே வீட்டுல அவர் பேச்சை மறைக்க மாட்டோம். உங்க வீட்டுப் பரண்லயும் இப்படி ஏதாவது கிடக்கும். பெரியவங்க இருக்கும்போதே கேட்டு வச்சுக்குங்க உறவுகளே.